பெட்டிக்குள் இருந்த மஃப்ளர்

பக்கத்து இருக்கைப் பெரியவரின் மஃப்ளர் கறுப்பும் தங்க மஞ்சளும். ஓரமெல்லாம் நூல் பிரிந்திருந்தது.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஊர் அணியான பாந்தர்ஸின் ஆட்டம். ஐஸ் ஹாக்கியை நேரில் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் முறை.

"பாந்தர்ஸ் மஃப்ளர். சின்ன வயதில் அப்பா வாங்கிக் கொடுத்தது" என்றார் பெரியவர்.

1939-லேயே கனடாவிலிருந்து வீரர்களை வரவழைத்துவிட்டார்களாம். போர் மூண்டதில் எல்லாம் நின்றுபோனது. முதல் ஆட்டம் 1946 நவம்பரில்தான்.

1960-ல் அணி கலைந்தது. அப்புறம் 20 வருடம் ஊரில் பாந்தர்ஸே இல்லை. 1980-ல் மறுபடி வந்தார்கள்.

"அந்த 20 வருடம் இதை என்ன செய்தீர்கள்?"

"அம்மா பூச்சி உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தார்."

2017-ல் ஐரோப்பிய அணிகள் மோதும் கான்டினென்டல் கோப்பையை வென்றார்கள். அதை வென்ற முதல் பிரிட்டிஷ் அணி இதுதான். பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு அந்தப் பெட்டிதான் பெரிதாகப் படுகிறது. திரும்பி வருமா என்றே தெரியாத ஒன்றுக்காக ஒரு தாய் பூச்சி உருண்டையை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கோல் விழுந்தது. அரங்கமே எழுந்து நின்றது. அவர் மஃப்ளரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார்.