கொப்பியில் 16 சுற்று: ட்ரைவரா, பட்டரா?

இந்த ஆண்டு ஜனவரி முதல் ஜூலை வரை நுவரெலியா கோல்ப் மைதானத்தில் நான் ஆடிய 16 சுற்றுகளின் ஒவ்வோர் அடியையும் 80 பக்கக் கொப்பி ஒன்றில் எழுதிவைத்தேன். தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கெழுதிப் பழகிய கை என்பதால் அது பெரிய சிரமமாக இருக்கவில்லை. ஆடுவதற்குத்தான் சிரமப்பட்டேன். தூரம் அடிக்கும் ட்ரைவர் உட்படப் பழைய மட்டைகள் ஏழும், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் ஒன்றும் கைமாற்றாகக் கிடைத்தவை. பந்துகளில் பாதி, மற்றவர்கள் தொலைத்தவை.

எழுதத் தொடங்கியதற்குக் காரணம், எங்கள் நால்வருக்குள் ஓயாமல் நடக்கும் வாதம்: அடியைக் குறைக்க எதைப் பழக வேண்டும், ட்ரைவரையா, பட்டரையா? ட்ரைவரால் தூரத்தைக் கூட்ட வேண்டும் என்பது மற்றவர்களின் கட்சி, பட்டர்தான் என்பது என் கட்சி. நான்கு தடவை பிரித்தானிய ஓப்பன் வென்ற தென்னாபிரிக்க வீரர் பொபி லொக் சொன்னதாக வழங்கும் ஒரு வாக்கு உண்டு: ட்ரைவர் அடி காட்சிக்கு, பட்டர் அடி காசுக்கு. எனக்கு அது வேதவாக்காகவே இருந்தது. கணக்கும் அதற்குத் துணைநின்றது: ஒரு சுற்றில் ட்ரைவரைப் பத்துப் பன்னிரண்டு தடவைதான் எடுக்கிறோம், பட்டரையோ முப்பது தடவைக்கு மேல் எடுக்கிறோம், அப்படியிருக்க எதைப் பழக வேண்டும் என்பதில் என்ன சந்தேகம் என்று கேட்பேன்.

முதல் ஆறு சுற்றில் எதையும் மாற்றாமல் எழுதிக்கொண்டு மட்டும் போனேன். ஒரு சுற்றுக்கு, அதாவது 18 குழிக்கு, சராசரி 104 அடி. அதில் பட், அதாவது பட்டரால் தட்டியது, 38. ஒரு கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குறும்புல் தளம்) மூன்று பட் போட்டது ஆறு சுற்றிலும் சேர்த்து 29 தடவை. எல்லைக்கு அப்பால் போனதும் புதருக்குள் தொலைந்ததுமாக ட்ரைவரால் இழந்த பந்துகள் 21. சைப்பிரஸ் மரங்களுக்குள் மாட்டிக்கொண்டு, முன்னே அடிக்க வழியில்லாமல் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்தது 17 தடவை. 38 என்ற எண்ணைத்தான் அன்று நான் பார்த்தேன். 21ஐயும் 17ஐயும் துரதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு அப்பால் போனேன்.

அதனால் இரண்டாம் கட்டம் முழுக்கப் பட்டிங். வீட்டுச் சீமெந்துத் தரையில் பழைய கம்பளத்தை விரித்து, பிளேன்டீ குடிக்கும் கண்ணாடிக் கோப்பையைச் சரித்து வைத்து, ஆறு வாரம் இரவில் அரைமணி நேரம் பழகினேன். கோல்ப் குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர், கோப்பையின் வாயோ அதைவிடச் சிறியது. ஆகவே கோப்பைக்குள் போவது குழிக்குள் போகாமல் இருக்காது என்பது என் கணிப்பு. கம்பளத்தில் அது சரிதான். மைதானத்திலோ, காலை ஏழு மணிக்குப் பனி படிந்த கிரீனில் பந்து கோடு கீறிக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடும். அதே அடி பத்து மணி வெயிலில் குழியைத் தாண்டி ஒரு மீற்றர் ஓடும். கம்பளத்துக்கு இந்தக் குணம் கிடையாது. இருந்தும் பலன் கிடைத்தது: அடுத்த நான்கு சுற்றில் பட் சராசரி 35, மொத்தம் 101. ஆறு வார உழைப்புக்கு மூன்று அடி.

அந்த நான்கில் கடைசிச் சுற்றில் கூட வந்தவர், சிறுவயதிலிருந்து மட்டைப் பை சுமக்கும் கெடி வேலை செய்துவரும் ஒரு பெரியவர். மாமா என்றுதான் அழைப்பேன். என் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, குழிக்கிட்ட போறதுக்கு முன்னுக்கே உங்க ஆட்டம் முடிஞ்சிருது. நீங்க குழியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க” என்றார். அன்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

வீட்டுக்கு வந்து கணக்கைப் புரட்டினேன். தொலைந்த பந்துக்கும் எல்லை தாண்டிய பந்துக்கும் விதி ஒன்றே: ஒரு தண்டனை அடியைச் சேர்த்துக்கொண்டு, அடித்த இடத்துக்கே திரும்பிச் சென்று மறுபடி அடிக்க வேண்டும். வீணாய்ப்போன அடியையும் சேர்த்தால் இரண்டு அடி நட்டம். (தேடுவதற்கு இருந்த ஐந்து நிமிடத்தையும் 2019இல் மூன்றாகக் குறைத்துவிட்டார்கள், மூடுபனி இறங்கும் ஊரில் மூன்று நிமிடம் போதவே போதாது.) 21 பந்துக்கு 42 அடி, மரத்திலிருந்து வெளியே எடுத்தது 17 அடி, ஆக 59: சுற்றுக்குப் பத்துக்குக் கிட்ட. மூன்று பட் போட்டு இழந்ததோ சுற்றுக்கு ஐந்துகூட இல்லை. என் 38 பட்டில் பெரும்பகுதி, யார் போட்டாலும் விழக்கூடிய ஒரு சாண், இரண்டு சாண் தட்டல்கள். அவற்றை எவ்வளவு பழகினாலும் ஒன்றுக்குக் கீழே குறைக்க முடியாது.

இன்னொரு விதமாகவும் பார்த்தேன். உலகின் முதல்தரத் தொழில்முறை வீரர்களே ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 29 பட் போடுகிறார்கள். அவர்களுடைய மொத்தம் 71 அளவில் நிற்கிறது. என் 104க்கும் அந்த 71க்கும் இடையிலுள்ள 33 அடியில் பட்டிங்குக்கு உரியது ஒன்பதுதான். எஞ்சிய 24 கிரீனுக்கு வெளியே கிடக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி, இலட்சக்கணக்கான அடிகளின் தரவைக்கொண்டு, ஆட்டக்காரருக்கு ஆட்டக்காரர் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 யார் தூரத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் உண்டாகிறது என்று காட்டியிருப்பதைப் பிற்பாடு வாசித்தபோது, மாமாவின் சிரிப்புத்தான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் கட்டம், ஆறு சுற்று. டீயில் பந்தை வைத்ததும் ட்ரைவரை உருவும் வழக்கத்தை விட்டேன். (தேயிலை விளையும் ஊரில் ‘டீ’ என்றால் பந்தை நிறுத்தும் சிறு ஆணி என்று வீட்டாருக்கு விளக்குவது தனிப் பாடு.) குழிக்குப் போகும் பாதையில் இருபுறமும் மரம் நெருங்கிய இடங்களில் ட்ரைவரைவிடக் குட்டையான ஐந்தாம் எண் வுட் மட்டை, அகன்ற பாதைகளில் மட்டும் ட்ரைவர், அதுவும் முக்கால் வீச்சில். எனக்கு ட்ரைவர் நன்றாகப் பட்டால் 190 மீற்றர் போகும், வுட் 165 போகும். 1,868 மீற்றர் உயரத்தின் மெல்லிய காற்று பந்தைச் சற்றுக் கூடுதலாகப் பறக்கவிடுகிறது என்றாலும், காலைக் குளிர் அதில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. போன 25 மீற்றரை நினைத்து முதல் சுற்றில் மனம் உறுத்தியது. இரண்டாம் சுற்றில் ஒரு பந்தும் தொலையவில்லை, உறுத்தலும் போய்விட்டது.

ஆறு சுற்றின் சராசரி 95. தொலைந்த பந்து மொத்தம் எட்டு, பக்கவாட்டில் எடுத்தது ஐந்து. பட் மட்டும் 35இலிருந்து 36க்கு ஏறியிருந்தது. பட்டிங் கெட்டுவிட்டதோ என்று ஓரிரவு கவலைப்பட்டு, பிறகு கிரீன் ஒவ்வொன்றுக்கும் எப்படி வந்து சேர்ந்தேன் என்று பார்த்தேன். முன்பெல்லாம் கிரீனைத் தவறவிட்டு, ஓரத்திலிருந்து சிப் என்ற சிறு அடியால் குழியருகே வைத்து ஒரு பட்டில் முடிப்பேன். இப்போது தொலைவிலிருந்தே கிரீனில் பந்தை விழுத்திவிடுகிறேன், ஆனால் குழியிலிருந்து பத்து, பன்னிரண்டு மீற்றரில். அங்கிருந்து இரண்டு பட்டே நியாயம். ஆட்டம் திருந்தியதால் ஏறிய எண் அது. பட்டின் எண்ணிக்கையை மட்டும் எழுதிவைத்து அதை அளவுகோலாக நம்பியதுதான் நான் செய்த பெரிய தவறு.

ஆகவே என் வாதத்தில் நான் தோற்றுவிட்டேன். எதிர்த்தரப்பும் வெல்லவில்லை என்று எனக்குப் படுகிறது. அவர்கள் சொன்னது தூரம், எனக்கு அடியைக் குறைத்துத் தந்தது பந்து கையை விட்டுப் போகாமை. தொண்ணூறுக்குக் கீழே ஆடுபவருக்குத் தூரமே பெரிதாக இருக்கலாம்; நான் எழுதுவது நூறைச் சுற்றித் தடுமாறுபவரின் கணக்கு.

கொப்பியில் இப்போது ஒரு புது நிரல் போட்டிருக்கிறேன்: ஒவ்வொரு கிரீனிலும் முதல் பட்டின் தூரம், காலடிக் கணக்கில். கடைசிச் சுற்றில் பத்துக் காலடிக்கு மேற்பட்டவை பதினொன்று. அவற்றில் நான்கு மூன்று பட்டில் முடிந்தன. கம்பளத்தை இனி முற்றத்துக்கு மாற்ற வேண்டும், அறைக்குள் நான்கு மீற்றருக்கு மேல் இடமில்லை. மழை விடட்டும் என்று காத்திருக்கிறேன்.