கீழ்த்தள வால்வில் எத்தனை கிலோ?

அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தீயணைப்புக் குழாய்களை வடிவமைக்கும்போது எல்லோருடைய கவலையும் மேல்மாடியைப் பற்றியதாகவே இருக்கிறது. கடைசி மாடிக்குத் தண்ணீர் போதிய அழுத்தத்தோடு ஏறுமா என்றுதான் பில்டர் கேட்பார். சோதனை நாளிலும் உச்சியில் உள்ள வால்வில்தான் ஹோஸை மாட்டித் திறந்து பார்ப்பார்கள். கீழ்த்தள வால்வைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. நான் பார்த்தவரையில் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் உள்ள திறந்த கீழ்த்தளத்துக்கு) மேல் 14 மாடிகள், பேஸ்மென்ட்டில் பம்ப் அறை என்று ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். 14-ஆம் மாடியில் ஹோஸ் மாட்டும் லேண்டிங் வால்வு பம்பிலிருந்து 46 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே அந்த வால்வில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ அழுத்தம் மிஞ்ச வேண்டும். அழுத்தத்தைத் தண்ணீர் ஏறும் உயரமாகக் கணக்கிட்டால் ஒரு கிலோவுக்குச் சுமார் பத்து மீட்டர், ஆகவே அதற்கு 35 மீட்டர். குழாய் உராய்வுக்கு 7 மீட்டர் சேர்த்தால் மொத்தம் 88. இதோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. ஆனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று யாராவது ஒருவர் 105 மீட்டர் பம்பை ஆர்டர் செய்துவிடுவார்.

வால்வுகள் மூடியிருக்கும்போது எந்த மையவிலக்குப் பம்பும் பெயர்ப்பலகையில் உள்ளதைவிடக் கூடுதலாகவே அழுத்தும். இருபது சதவீதம் கூடுதல் என்று வைத்தாலும் 126 மீட்டர் ஆகிறது. பம்பிலிருந்து 5 மீட்டர் மட்டுமே மேலே இருக்கும் ஸ்டில்ட் வால்வில் இது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ. விதித்தொகுப்பு அனுமதிப்பதோ 7 கிலோதான். ஹோஸின் 20 மி.மீ. முனையில் 3.5 கிலோ அழுத்தம் இருந்தால், ஹோஸைப் பிடித்திருப்பவரைப் பின்னுக்குத் தள்ளும் விசை சுமார் 22 கிலோ. முனையில் 10 கிலோ இருந்தால் அது 60-ஐத் தாண்டிவிடும். தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை அந்த முனையைப் பிடிக்கப்போகிறவர் பயிற்சி பெற்ற வீரர் அல்லர், வாட்ச்மேனோ குடியிருப்பவரோதான்.

இதற்கு வழக்கமான தீர்வு, வால்வு குழாயோடு இணையும் ஃபிளாஞ்ச் விளிம்பில் செருகும் ஓரிஃபிஸ் பிளேட். நடுவில் துளையிட்ட அந்தத் தகடு, தண்ணீர் ஓடும்போதுதான் அழுத்தத்தைக் குறைக்கும். ஓட்டம் இல்லையென்றால் தகட்டின் இருபுறமும் அழுத்தம் ஒன்றே. நுனி மூடிய ஹோஸ் முழு 12 கிலோவையும் தாங்கித்தான் ஆக வேண்டும். துளையின் அளவும் மாடிக்கு மாடி மாற வேண்டும். ஒரு கட்டடத்தில் எல்லா மாடிக்கும் ஒரே அளவில் வெட்டிய தகடுகளை மாட்டியிருந்தார்கள், 14-ஆம் மாடியையும் விட்டுவைக்கவில்லை! வாங்க எளிது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் என்ன நேரும் என்பதற்கு ஃபிலடெல்ஃபியாவின் ஒன் மெரிடியன் பிளாசா சான்று. அது 38 மாடி அலுவலகக் கட்டடம், குடியிருப்பு அன்று. ஆனாலும் குழாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது. 1991 பிப்ரவரி 23 அன்று 22-ஆம் மாடியில் தீப்பிடித்தபோது, வால்வுகளில் இருந்த அழுத்தக் குறைப்பிகள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் ஹோஸ்களில் போதிய அழுத்தம் கிடைக்கவில்லை. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தீ நின்றது 30-ஆம் மாடியில், அங்கே ஸ்பிரிங்க்ளர் இருந்ததால். அதன் பிறகே அமெரிக்க விதியில் உச்சி வால்வுக்கான குறைந்தபட்ச அழுத்தம் 65 பி.எஸ்.ஐ.யிலிருந்து (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) 100 ஆக உயர்த்தப்பட்டது.

ஆகவே நான் முதலில் ரைசரை, அதாவது மாடிகளுக்கு ஏறும் செங்குத்துக் குழாயை, பெரிதாக்கி உராய்வைக் குறைப்பேன், பம்பைப் பெரிதாக்க மாட்டேன். துளை விட்டங்களை மாடிவாரியாக வரைபடத்திலேயே எழுதி, தகட்டிலும் மாடி எண்ணைப் பொறிக்கச் சொல்வேன். ஒப்படைக்கும் முன் உச்சி, நடு, ஸ்டில்ட் ஆகிய மூன்று இடங்களிலும், ஹோஸில் தண்ணீர் ஓடும்போது ஒரு முறையும் மூடியபின் ஒரு முறையும் கேஜில் அளந்து, ஆறு எண்களையும் பம்ப் அறைச் சுவரிலேயே எழுதிவைக்க வேண்டும்.