மாஹர் கோப்பை ஊர்கள்

ரக்பி லீக் (அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி வகை) என்றால் எல்லோரும் சிட்னி அணிகளைத்தான் பேசுகிறார்கள். எனக்கு உயிர், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து உட்பகுதி ஊர்கள் மோதும் ‘குரூப் 9’ லீக் போட்டிதான். கண்டகாய், டியூமட், டெமோரா, யங்... யங் செர்ரிப் பழத்துக்குப் பேர்போன ஊர், அணியின் பெயரே ‘செர்ரிபிக்கர்ஸ்’!

1971 வரை இந்த வட்டாரத்தில் மாஹர் கோப்பையும் இருந்தது. டியூமட்டில் ஹோட்டல் நடத்திய டெட் மாஹர் கொடுத்தது. புள்ளிப் பட்டியலெல்லாம் கிடையாது. கோப்பை யாரிடம் இருக்கிறதோ அவர்கள் மைதானத்துக்கே போய் ஜெயித்துப் பிடுங்கி வர வேண்டும். அப்புறம் அடுத்த ஊர்க்காரன் நம் வாசலில் வந்து நிற்பான். ஆட்டம் பார்க்கத் தனி ரயிலே விட்டிருக்கிறார்கள்.

அதை நிறுத்தியிருக்கவே கூடாது. லீக் ஒரு பக்கம் நடக்கட்டும், கோப்பையும் கூடவே ஊர் ஊராகச் சுற்றியிருக்கலாம். யாராவது திரும்பத் தொடங்குங்களேன்!