ஏறியாச்சு, அப்புறம்?

ஜனவரி 5, 2025, ஞாயிறு

மூன்று மாதமாகச் சித்தப்பா கூப்பிட்டுக்கொண்டிருந்த குன்றுக்கு இன்று ஒருவழியாகப் போனேன். பாதை ஒன்றரை கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. ஐந்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் மேலே போகிறோம் என்று கணக்குப் போட்டால்தான் உறைக்கிறது.

முதல் வளைவு வரை விறுவிறுவென்று போய்விட்டேன். அவருக்கு 63, எனக்கு 38. பின்னால் ஆடி அசைந்து வருகிறவரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தேன். இருபதாவது நிமிடம் இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றிக் குனிந்து நின்றேன். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டி ஷூவில் விழுந்துகொண்டிருந்தது. அவர் நிற்காமலே என்னைத் தாண்டினார்.

"பேச முடியுதாம்மா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப வேகம் ஜாஸ்தி."

ஓடுவதும் நிற்பதுமாக நான் போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம். நடுவில் இரண்டு முறை உச்சி வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு முறையும் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு நின்றது. சித்தப்பா 55 நிமிடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது நான்தான் முன்னால். துள்ளிக் குதித்து இறங்கினேன். ஏறியாச்சு, இனி என்ன?

ஜனவரி 7, செவ்வாய்

நேற்றைவிட இன்று வலி அதிகம். மாடிப்படி ஏறிவிடுகிறேன், இறங்கத்தான் முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன்.

லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்று எல்லோரையும் போல நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பாம். ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது ரத்தத்திலிருந்து போய்விடும். இந்த வலி ஒன்றிலிருந்து மூன்று நாளைக்குள் உச்சத்துக்கு வரும். பெரும்பாலும் ஏற்றத்தால் வருவதும் இல்லை. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை பாரத்தைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது, பிரேக் பிடிக்கிற மாதிரி. அப்போதுதான் நுண்ணிய நார்கள் சேதமாகின்றன. மூச்சு வாங்கிய ஒன்றே கால் மணி நேரத்துக்கு உடம்பு கணக்குக் கேட்கவில்லை. துள்ளிக் குதித்து வந்த அரை மணி நேரத்துக்குத்தான் கேட்கிறது.

ஜனவரி 9, வியாழன்

போன மாதம் நான் விட்டுவிட்டு வந்த வேலையை இப்போது பார்க்கிற பெண் போன் செய்தாள். "அக்கா, 'இறுதி'ன்னு ஒரு ஃபைல் இருக்கு, 'இறுதி 2'ன்னு ஒண்ணு இருக்கு, 'இதுதான் இறுதி'ன்னு இன்னொண்ணும் இருக்கு. எதை எடுக்கட்டும்?"

எனக்கும் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டு வருடம் ராத்திரி பகலாக உழைத்த வேலை அது. முடிந்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள். ஒப்படைக்க வேண்டிய கடைசி இரண்டு வாரம் நான் பாதி நாள் ஆபீசுக்கே போகவில்லை. அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

ஜனவரி 12, ஞாயிறு

மறுபடி குன்று. இந்த முறை சித்தப்பா பின்னாலேயே, பேச முடிகிற வேகத்தில். ஒரு காலை வைத்து, பின்னங்காலை நேராக நிமிர்த்தி, பாரத்தை ஒரு கணம் எலும்பின் மேல் விட்டு, பிறகு அடுத்த கால். பார்க்கச் சோம்பேறி நடை. எங்கேயும் நிற்கவில்லை, 57 நிமிடம்.

1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம், 2000 அடி ஏற்றத்துக்கு மேற்கொண்டு ஒரு மணி நேரம். அதன்படி எங்கள் குன்றுக்கு 48 நிமிடம் வருகிறது. மோசமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் இறக்கத்துக்கு ஒன்றுமே இல்லை. பிற்பாடு லாங்முயர் என்பவர்தான் திருத்தினார்: மிதமான சரிவென்றால் 300 மீட்டர் இறக்கத்துக்குப் பத்து நிமிடம் கழிக்கலாம், 12 டிகிரிக்கு மேல் போனால் பத்து நிமிடம் கூட்ட வேண்டும். எங்கள் குன்று சராசரியில் 11 டிகிரி சொச்சம். மேல் பாதி சந்தேகமில்லாமல் கூட்டுகிற ரகம்.

உச்சியில் சித்தப்பா செய்ததைப் போன வாரம் நான் கவனிக்கவே இல்லை. உட்கார்ந்து இரண்டு ஷூ லேஸையும் முழுசாக அவிழ்த்தார். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, விரல் பக்கம் தளர்வாக விட்டு, கணுக்கால் கிட்டே மட்டும் இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டார்.

"எதுக்கு சித்தப்பா?"

"இல்லேன்னா கால் முன்னால வழுக்கும். விரல் போய் முட்டும். நகம் கறுத்துடும்."

என் வலது கட்டைவிரல் நகம் செவ்வாய்க்கிழமையே கறுத்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை.

இறங்கும்போது முழங்காலை லேசாக மடக்கி, அடி சின்னதாக வைத்து, பொடிக்கல் கிடக்கிற இடத்தில் குறுக்கே வளைந்து வளைந்து வந்தோம். ஏறின நேரத்துக்கு ஐந்து நிமிடம்தான் குறைவு.

ஜனவரி 14, செவ்வாய்

வலி கால்வாசிகூட இல்லை. மெதுவாக இறங்கியது ஒரு காரணம். ஒருமுறை அடிபட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைத் தாங்கிக்கொள்ளுமாம், அது இன்னொன்று. மலை பாடம் நடத்துகிறது என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும், அதற்கு வேறு வேலை இல்லையா என்று. ஆனாலும் அந்த மூன்று ஃபைல் இரண்டு நாளாக மண்டைக்குள் சுற்றுகிறது.

ஜனவரி 19, ஞாயிறு

மழை. போகவில்லை.

ஜனவரி 20, திங்கள்

லீவு போட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 'இறுதி 2'தான் சரியானது. மற்ற இரண்டையும் அவள் கண்முன்னாலேயே அழித்தேன். எந்தத் தாளில் எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். இரண்டு இடத்தில் எனக்கே பதில் இல்லை, கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது.

சாயங்காலம் கிளம்பும்போது அவள் இன்னொரு ஃபோல்டரைத் திறந்தாள். பெயர் 'அப்புறம் பார்க்கலாம்'. உள்ளே 41 ஃபைல். வைத்தது நான்தான்.

பையைத் திரும்பக் கீழே வைத்தேன்.