லேபிள் வேலைய விட்டு சொந்தமா லேபிள் ஆரம்பிச்ச முதல் வருஷம்

ஒன்பது வருஷம் ஒரு மியூசிக் லேபிள்ல இருந்தேன், அதுல கடைசி மூணு வருஷம் சென்னை ஆபீஸ்ல ரீஜனல் ஹெட். எனக்குக் கீழ பதினோரு பேரு. ஆனா ஒரு ஆர்ட்டிஸ்ட்டோட அக்ரிமென்ட்ல ஒரே ஒரு வரிய மாத்தணும்னாலும் என்னால முடியாது, அது மும்பைல லீகல் டீம்லேர்ந்து வர்ற டெம்ப்ளேட். மாஸ்டர், அதாவது பாட்டோட மூல ரெக்கார்டிங், முழுசா கம்பெனிக்கு, உலகம் பூராவும், காப்பிரைட் இருக்குற வரைக்கும். நம்ம சட்டப்படி ஒரு ரெக்கார்டிங்குக்கு அது வெளியான வருஷம் முடிஞ்சதுலேர்ந்து 60 வருஷம் காப்பிரைட், அப்ப 22 வயசுல கையெழுத்து போடுற பையனுக்கு எண்பது தாண்டுற வரைக்கும் அந்த ரெக்கார்டிங் அவன்து இல்ல.

திண்டுக்கல் பக்கத்துலேர்ந்து ஒரு கம்போசர் தம்பி அவங்க அப்பாவ கூட்டிட்டு வந்திருந்தார். அப்பா எல்லா பக்கத்தையும் பொறுமையா படிச்சுட்டு, "சார், நிலத்த குத்தகைக்கு விட்டாக்கூட எத்தன வருஷம்னு எழுதிக்குவோம், இதுல அது எங்க இருக்கு"ன்னு கேட்டார். மேல பேசிப் பாக்குறேன்னு சொல்லி மூணு மெயில் போட்டேன், முடியாதுன்னு பதில் வந்துச்சு, அவங்களும் வேற வழியில்லாம கையெழுத்து போட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க. அந்தக் கேள்வி எனக்குள்ளயே கிடந்துச்சு. நாலு மாசம் கழிச்சு நானும் பேப்பர் போட்டேன்.

வெளிய வந்ததும் தனி உரிமையாளரா, சிறுதொழிலுக்கான உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் போட்டேன், அது அரசாங்க சைட்ல இலவசம் (காசு கேக்குற சைட்டெல்லாம் இடைத்தரகர், தயவுசெஞ்சு கட்டாதீங்க). அத வச்சு கரன்ட் அக்கவுன்ட். இதெல்லாம் பத்து நாள்ல முடிஞ்சுது.

அக்ரிமென்ட்டுக்குத்தான் ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு வக்கீல் அக்காவோட உக்காந்து 1957 காப்பிரைட் சட்டத்த பிரிவு பிரிவா படிச்சோம். 19-வது பிரிவுல, உரிமைய எழுதிக் குடுக்குறப்ப எத்தன வருஷம்னு போடலன்னா 5 வருஷம்னு எடுத்துக்கணும், எந்த எடம்னு போடலன்னா இந்தியா மட்டும்னு எடுத்துக்கணும்னு இருக்கு. எழுதாம விட்டாலே சட்டம் அஞ்சு வருஷம்தான் குடுக்குதுன்னா, நானும் அதுக்கு மேல கேக்க வேணாம்னு முடிவு பண்ணேன். மாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்கிட்டயே இருக்கும், எனக்கு அஞ்சு வருஷ லைசன்ஸ், செலவு போக வர்றதுல பாதி பாதி. ரெண்டு பக்கம், தமிழ்ல. பாட்டெழுதுறவரும் மெட்டு போடுறவரும் தனித்தனியா, அவங்களுக்கு ராயல்டி வசூலிச்சுக் குடுக்குற சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்-ல மெம்பர் ஆகி பாட்ட பதிஞ்சுக்கணும்னு அதுலயே ஒரு வரி சேத்துட்டேன், ஏன்னா 2012 திருத்தத்துக்கு அப்புறம் அவங்களோட ராயல்டி பங்க லேபிள் எழுதி வாங்கிக்க முடியாதுதான், ஆனா பதியாம இருந்தா அந்தப் பங்கு அவங்க கைக்கு வந்து சேராது.

அடுத்து ஐ.எஸ்.ஆர்.சி. பன்னெண்டு எழுத்து நம்பர், ஒரு ரெக்கார்டிங்குக்கு ஆதார் மாதிரி. பாட்ட ஸ்ட்ரீமிங் ஆப்புகள்ல ஏத்திவிடுற டிஸ்ட்ரிப்யூட்டரே போட்டுக் குடுப்பாங்க, இருந்தாலும் நான் சொந்தமா வாங்கிட்டேன். நாளைக்கு டிஸ்ட்ரிப்யூட்டர மாத்துறப்ப அதே நம்பரோட ஏத்துனாத்தான் பழைய ஸ்ட்ரீம் கணக்கு கூடவே வரும், நம்பர் மாறிட்டா புது பாட்டு மாதிரி பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கும்.

முதல் பாட்டுக்கு வீடியோவோட சேத்து ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் ஆச்சு. கம்பெனில இருந்தப்ப பிளேலிஸ்ட் எடிட்டருக்கு போன் போட்டா எடுப்பாங்க, இப்ப எல்லாரையும் போல ஸ்பாட்டிஃபைல ரிலீஸுக்கு முன்னாடியே பிளேலிஸ்ட்ல சேக்கச் சொல்லி ஃபார்ம் போட்டுட்டு காத்திருக்கணும், ஏழு நாளாவது முன்னாடி போடலன்னா ஃபாலோயர்ஸோட ரிலீஸ் ரேடார்ங்கற புதுப்பாட்டு லிஸ்ட்டுக்கு நாம சொல்ற பாட்டு போகும்ங்கற உறுதி கிடையாது. நான் மூணு வாரம் முன்னாடியே போட்டேன்.

பாட்டு நல்லாத்தான் போச்சு. பதினஞ்சாவது நாள் காலைல டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்டேர்ந்து ஒரு மெயில். நம்ம ஒலி வேற யாரோட வீடியோவுல வந்தாலும் தானா கண்டுபிடிச்சு உரிமை கோருற யூட்யூப் கன்டென்ட் ஐடிக்கு நான் டிக் பண்ணியிருந்தேன். பாட்டு ஆரம்பத்துல வர்ற தாள லூப் ஒரு ராயல்டி ஃப்ரீ சாம்பிள் பேக்லேர்ந்து (ரெடிமேட் ஒலித் தொகுப்பு) எடுத்தது, அத காசு குடுத்து வாங்குன யாரும் பயன்படுத்தலாம். அப்படி பொதுவா இருக்குற ஒலிய கன்டென்ட் ஐடிக்கு குடுக்கவே கூடாது. குடுத்ததால எங்கயோ இருக்குறவங்க வீடியோவுக்கெல்லாம் எங்க பேர்ல க்ளெய்ம் போயிருக்கு, அதுல ஒருத்தர் கல்யாண வீடியோ எடுத்துப் பொழைக்குறவர். அவங்க எல்லாரும் டிஸ்ப்யூட் போட, இன்னொரு தடவ இப்படி நடந்தா அக்கவுன்ட்ட முடக்கிடுவோம்னு எச்சரிக்கை. க்ளெய்ம் ஒவ்வொண்ணா விடுவிச்சு முடிக்க ஒன்பது நாள் ஆச்சு, அந்த கல்யாண வீடியோ அண்ணனுக்கு மெசேஜ் போட்டு மன்னிப்பும் கேட்டேன். கம்பெனில இத பாக்குறதுக்குன்னே நாலு பேரு பக்கத்து ரூம்ல இருந்தாங்க, அவங்க செஞ்ச வேலை எவ்வளவு பெருசுன்னு அந்த ஒன்பது நாள்ல புரிஞ்சுது. ஒருத்தருக்கு போன் பண்ணி சொல்லவும் செஞ்சேன்.

முதல் ஸ்டேட்மென்ட் மூணாவது மாசம் வந்துச்சு. 3,140 ரூபா. 1,570 ரூபாய பாடகிக்கு அன்னிக்கே அனுப்பிட்டேன், செலவ இந்த தடவ கழிக்கல. மாசக் கடைசில சம்பளம் விழுந்து பழகுன வீட்டுல இந்தத் தொகைய சொல்றது கஷ்டம், என் வீட்டம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. இப்ப ரெண்டு கம்போசர்களோட பழைய பாட்டுக்கெல்லாம் மெட்டாடேட்டா (பாடுனவர், எழுதுனவர் மாதிரி விவரங்கள்) சரி பண்ணிக் குடுக்குறேன், மாசம் முப்பத்தஞ்சாயிரம் வருது, வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் அதுலதான் ஓடுது. சேமிப்பு இல்லாம வேலைய விடாதீங்க, நான் பதினாலு மாசத்துக்கு வச்சிருந்தேன், அதுலயே மூச்சு முட்டுச்சு.

திண்டுக்கல் தம்பி போன மாசம் போன் பண்ணார். பழைய பாட்ட என்னால மீட்டுக் குடுக்க முடியாது, அத அவர்கிட்ட நேராவே சொல்லிட்டேன். புதுசா ஒண்ணு பண்ணியிருக்கார், கேட்டேன், நல்லா இருக்கு. என்னோட ரெண்டு பக்கத்த அப்பாகிட்ட காட்டச் சொல்லி அனுப்பியிருக்கேன். எந்தெந்த ஒலி எங்கேர்ந்து எடுத்ததுன்னு சாம்பிள் லிஸ்ட் கேட்டிருக்கேன், அது கைக்கு வந்தப்புறம்தான் ரிலீஸ் தேதியே பேசணும்.