அண்ணாச்சி யோசிக்கும் நேரம்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றுதான் புது காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் என்னைப் போன்ற டிசைனர்களுக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் தாறுமாறுதான். அப்படி ஒரு சீசனில் என் வலது கை மக்கர் பண்ண ஆரம்பித்தது. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் சுரீர் என்றது.

பத்து வருடமாகக் கிளிக் பண்ணிப் பண்ணிக் கை தேய்ந்துவிட்டது என்று நினைத்து, ஜெல் வைத்த மவுஸ் பேடு வாங்கினேன். மணிக்கட்டை அதில் அழுத்தி வைத்தே வேலை பார்த்ததில் விரல்களும் மரத்துப்போயின. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலுக்குப் போகிற நரம்பு மணிக்கட்டு வழியாகத்தான் போகிறதாம். காசு கொடுத்து அதை நசுக்கியிருக்கிறேன்.

பிசியோதெரபிஸ்ட் அம்மா மேஜையில் ஒரு சோப்பு டப்பாவை வைத்தார். "இதை மவுஸ்னு நினைச்சுப் பிடிங்க. கிளிக் பண்ணாதப்ப ஆள்காட்டி விரல் எங்க நிக்குது, பாருங்க."

டப்பாவில் படாமல் ஒரு நூல் உயரத்தில் நின்றது. தவறிக் கிளிக் ஆகிவிடக் கூடாதே என்று என்னை அறியாமலே தூக்கிப் பிடித்திருக்கிறேன். விரலைத் தூக்கும் தசை முழங்கையின் வெளிப்பக்கத்தில் தொடங்குகிறது. விரல் அந்தரத்தில் நிற்கிற வரை அதற்கு ஓய்வே இல்லை.

அப்புறம்தான் யோசித்தேன். என் வேலையில் கிளிக்கை விடக் காத்திருப்பதுதான் அதிகம். பக்கத்து நாற்காலியில், காலண்டர் அடிக்க வந்த கடைக்கார அண்ணாச்சி இருப்பார். "முருகனைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க தம்பி... இன்னும் கொஞ்சம்... இருங்க, யோசிக்கிறேன்." அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிற ஐந்து நிமிடமும் என் விரல் அந்தரத்தில்தான்.

வலது ஓரத்தில் நம்பர் பேடு இல்லாத கீபோர்டு வாங்கினேன். மவுஸ் அரைச் சாண் உள்ளே வந்தது. தோள்பட்டை தானாக இறங்கியது. டிசைன் போடும் கோரல் டிரா மென்பொருளில் படத்தைப் பக்கத்தின் நடுவில் வைக்க 'பி' ஒரு தட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க எஃப்4. இத்தனை வருடம் இதற்கெல்லாம் மெனுவைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இடது கைக்கும் ஒரு மவுஸ் வைத்தேன். விண்டோஸில் பட்டனை மாற்றினால் இரண்டு மவுஸுக்கும் சேர்த்தே மாறிவிடுகிறது. அதனால் மாற்றாமல், இடது கை நடுவிரலால் கிளிக் பண்ணப் பழகினேன். மெயில், ஃபோல்டர் எல்லாம் இப்போது அந்தக் கையில்தான். படத்தின் ஓரத்தை வரைந்து வெட்டும் பென் டூலுக்கு மட்டும் வலது கை. இடது கையால் மயிலை வெட்டினால் கோழியாகிவிடும்.

இவை எல்லாவற்றையும் விட அதிகம் உதவியது காசில்லாத வைத்தியம். அண்ணாச்சி யோசிக்க ஆரம்பித்ததும் மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வேன். முதல் தடவை அவர் பதறிப்போனார்.

"என்ன தம்பி, கோவிச்சுக்கிட்டீங்களா? சரி சரி, முருகன் அங்கேயே இருக்கட்டும்."