படிவம் 19இல் ஒரு கையெழுத்து

தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் நான் இருந்த காலத்தில், வேலையை விட்டு விலகுகிறவர்களின் கடைசி நாள் என் மேசையில்தான் முடியும். அடையாள அட்டையைத் திரும்பப் பெற்று, கருவி அறையிலும் கேன்டீனிலும் பாக்கி இல்லை என்ற சீட்டைச் சரிபார்த்து, ரிலீவிங் ஆர்டரைக் கொடுக்கும் முன் இரண்டு படிவங்களில் கையெழுத்து வாங்கிவிடுவோம். பி.எஃப். பணத்தை முழுதாக எடுக்கப் படிவம் 19. பென்ஷன் பங்கை எடுக்க 10சி. தேதியிடாமல் வாங்கி வைத்து, இரண்டு மாதம் கழிந்ததும் தேதி போட்டு அனுப்புவது வழக்கம். பணத்தை எடுக்கத்தான் வேண்டுமா, கணக்கைத் தொடரலாமா என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

2018இல் விலகிய மெஷின் ஆபரேட்டர் ஒருவர் மூன்று மாதம் கழித்து வங்கிப் பாஸ்புக்குடன் வந்தார். வரவு வைத்த வரியின் மேல் விரலை வைத்து, “1,08,000 இருந்தது மேடம், 97,200தான் வந்திருக்கு. மீதியை யார் எடுத்தாங்க?” என்று கேட்டார். எடுத்தது வருமான வரி. தொடர்ச்சியான பணிக்காலம் ஐந்து ஆண்டு நிறைவதற்குள் பி.எஃப். பணத்தை எடுத்தால் அது வரிக்கு உட்பட்டது. தொகை 50,000 ரூபாயை எட்டினால் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். பான் எண் இணைக்காதவர்களிடம் அப்போது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிடித்தார்கள். 2023 ஏப்ரலில்தான் அது 20 சதவீதமாகக் குறைந்தது. எங்களிடம் அவருடைய பணிக்காலம் நான்கு ஆண்டு ஒன்பது மாதம்.

“நான் போட்ட பணத்துக்குமா வரி?” என்றார் அடுத்து. கேள்வி நியாயமானது. நிறுவனம் செலுத்திய பங்கும் அதன் வட்டியும் சம்பள வருமானமாகவும், அவர் செலுத்திய பங்கின் வட்டி இதர வருமானமாகவும் கணக்கிடப்படும். அவர் செலுத்திய அசலுக்கு, முன்பு 80சி பிரிவில் அதைக் காட்டி வரிச்சலுகை பெற்றிருந்தால் மட்டுமே வரி உண்டு. ஆனால் பிடித்தம் என்று வரும்போது முழுத் தொகையிலும் 10 சதவீதம் போய்விடுகிறது. பிடித்தம் வேறு, வரி வேறு என்பதை அவருக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. தன் வருமானத்துக்கு வரி வராது என்று உறுதி சொல்லும் 15ஜி படிவம் கொடுத்தால் வரியே கிடையாது என்று நம்பிக் கையெழுத்திட்ட, நல்ல சம்பளம் வாங்கிய பலரும் இதே இடத்தில்தான் தவறினார்கள். அந்தப் படிவம் பிடித்தத்தைத் தடுக்குமே தவிர, கட்ட வேண்டிய வரியை நீக்காது.

பேச்சுவாக்கில் அவர் சொன்ன ஒரு செய்திதான் என்னை உலுக்கியது. எங்களிடம் சேரும் முன் வேறொரு நிறுவனத்தில் இரண்டு ஆண்டு வேலை செய்திருக்கிறார், அந்தப் பி.எஃப். பணம் அப்படியே கிடக்கிறது. நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என். நடைமுறைக்கு வந்தது 2014இல். அவருடைய கணக்கு அதற்கும் முந்தையது என்பதால், மடித்து மடித்து நைந்துபோன ஒரு சம்பளச் சீட்டில் மட்டும் அதன் எண் இருந்தது. படிவம் 13 மூலம் அந்தக் கணக்கை எங்கள் கணக்குக்கு மாற்றியிருந்தால், முந்தைய பணிக்காலமும் சேர்ந்து ஆறு ஆண்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். ஒரு ரூபாய் கூட வரி வந்திருக்காது.

ஐந்து ஆண்டு விதியை நான் குறை சொல்லமாட்டேன். முதுமைக்கென்று வரிச்சலுகையோடு சேரும் பணம் இடையிலேயே கரைந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. உடல்நலக் குறைவால் வேலை போனாலோ, நிறுவனமே மூடப்பட்டாலோ அதில் விலக்கும் உண்டு. விதி தெரிந்த நான், தெரியாதவர் முன் படிவத்தை நீட்டிவிட்டுப் பேசாமல் இருந்ததுதான் தவறு.

அந்த ஆண்டு அவருடைய மொத்த வருமானம் வரி வரம்புக்குள்ளேயே இருந்ததால், ரிட்டர்ன் தாக்கல் செய்ய உதவினேன். பிடித்த 10,800 ரூபாயும் திரும்பி வந்தது. பணம் வந்துவிட்டது, ஆண்டுகள் வரவில்லை. 10சி படிவத்தில் பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டதால், ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து ஆண்டுப் பணிக்காலத்தில் எங்களிடம் உழைத்த நான்கே முக்கால் ஆண்டு இனிச் சேராது.

அதற்குப் பிறகு படிவம் 19ஐயும் 10சியையும் கடைசி நாள் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். கேட்கிறவர்களுக்கு மட்டும், இதற்கு முன் எங்கெல்லாம் வேலை செய்தீர்கள் என்று விசாரித்த பிறகே கொடுத்தேன். அவர் புதிய நிறுவனத்தில் சேர்ந்ததும் அந்த நைந்த சம்பளச் சீட்டோடு மறுபடி வந்தார். பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றும் விண்ணப்பத்தை இருவரும் உட்கார்ந்து நிரப்பினோம். அங்கே அவருடைய கணக்கு பூஜ்யத்திலிருந்து அல்ல, இரண்டு ஆண்டிலிருந்து தொடங்கியது.